மூன்றாவது பெல்ட்

வண்டி சின்னது, படகு பெரியது. இரண்டையும் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்ததைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எது எதை இழுக்கப் போவுது?" என்று கேட்டார். மில்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக அவனும் தன்னைத்தானே இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மில்லி என்பது அவன் மனைவியின் அண்ணன் வைத்த பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கு அளவெடுத்து லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவன் பிழைப்பு. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் எதையும் இரண்டு தடவை அளப்பான். அப்புறம் அளவுகோலையே சந்தேகப்படுவான். அந்தப் புத்தி கடை பூட்டியதும் கழன்று விழுகிற புத்தியா என்ன? சின்ன எஸ்யூவி ஒன்று வாங்கினான். வண்டியோடு தந்த கையேட்டைக் கதைப்புத்தகம்போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும் என்று ஷோரூம்காரரே சொன்னார்.

படகு வந்த காரணம் வேறு. அவன் மனைவி நர்ஸ். ஏரிக்கு அக்கரையில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றிவிட்டார்கள். நடுவில் இருந்த பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். முடிய இரண்டு வருஷமாவது ஆகும். சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். பயணிகள் படகு மதியத்தோடு நின்றுவிடும், அவளுக்கோ வேலை முடிவது சாயங்காலம். "அக்கரையிலேயே குவார்ட்டர்ஸ் தருகிறோம், குழந்தையோடு வந்து தங்கிக்கொள். இல்லையென்றால் தினமும் வந்துபோக உனக்கென்று ஒரு வழி வைத்துக்கொள். எதுவானாலும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு" என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். லென்ஸ் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு மில்லியால் அக்கரைக்குப் போக முடியாது. மகளுக்கு நாலு வயது. அவனைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

அப்போதுதான் மச்சான் ஒரு படகைக் கண்டுபிடித்தார். மச்சான் ஏ.சி. மெக்கானிக். ஊரில் எந்த வீட்டில் எது சும்மா கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. யாரோ ஒருவருடைய கொட்டகையில் தூசி படிந்து கிடந்த ஃபைபர் படகு, பின்னால் ஒரு எஞ்சின், இழுத்துப் போக டிரெய்லர். மில்லியின் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் படகு ஓட்டப் பழகி, பரீட்சை எழுதி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். படகுத்துறையில் படகு கட்டிவைக்க ஒரு இடம் காலியாக இருந்தது. ஆனால் துறை மேலாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் படகு அவர் கண்ணெதிரே தண்ணீரில் மிதக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்துக் காத்திருப்பவருக்கு.

ஆகமொத்தம், படகு இறங்கினால் குடும்பம் ஒரே வீட்டில். இறங்காவிட்டால் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு.

மில்லி தன் பங்குக்கு எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். டிரெய்லரையும் படகையும் எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பார்த்தான். கையேட்டில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. உடனே நங்கூரம், பேட்டரி, பெட்ரோல் கேன் மூன்றையும் படகிலிருந்து எடுத்து வண்டியின் பின்சீட்டில் வைத்தான்.

மச்சான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஏன் மாப்ளே, இறக்கினதெல்லாம் வண்டிக்குள்ளதானே ஏத்தியிருக்கீங்க? இதையும் அதே வண்டிதானே இழுக்கப் போவுது?"

"சுமக்கிறது வேற கணக்கு, இழுக்கிறது வேற கணக்கு, மச்சான். புக்குல போட்டிருக்கான்."

"சரி சரி. புக்கு படிச்ச வண்டி, தானா ஏறிடும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் படகின் பின்பக்கத்தை டிரெய்லரோடு சேர்த்து இரண்டு பெல்ட்டால் இழுத்துக் கட்டினார். முன்பக்கத்தைச் சங்கிலியில் மாட்டினார். "ஆடாது, அசையாது" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மில்லி படகை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. அசையவில்லை. ஆனாலும் துறைக்குப் போகிற வழியில் இருக்கும் வேகத்தடைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு பெல்ட் அறுந்தால்? அறுந்தபோது பின்னால் ஸ்கூட்டரில் யாராவது வந்தால்? பழைய கார் சீட் பெல்ட் ஒன்று ஷெட்டில் கிடந்தது. அவன் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, படகின் பின்பக்க வளையத்தையும் டிரெய்லரின் குறுக்குக் கம்பியையும் சேர்த்து அந்த பெல்ட்டால் மூன்றாவதாக ஒரு கட்டுப் போட்டான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டபோதுதான் அவனுக்கு நெஞ்சு லேசானது. இதைச் சொன்னால் மச்சான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் மகளை மச்சான் வீட்டில் அண்ணியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். மில்லி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினான். சைக்கிளில் போனவர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"மாப்ளே, எதாவது ஊர்வலமா? பின்னால வர்றவன் எல்லாம் நம்மளோட வந்தவன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"அண்ணா, அவரை விடு. அவர் ஓட்டுறப்ப பேசினா ரோடு அவருக்கு மறந்துடும்" என்றாள் அவன் மனைவி. மடியில் ஆஸ்பத்திரிப் பையை வைத்திருந்தாள். எங்கே போனாலும் அந்தப் பை இல்லாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள்.

துறை வந்து சேர்ந்தபோது நேரம் நிறையவே இருந்தது. சிமெண்டுச் சரிவு ஒன்று ரோட்டிலிருந்து நேராக ஏரிக்குள் இறங்கியது. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் தண்ணீருக்குள் நீண்ட மரமேடை. தண்ணீர் தொடுகிற இடத்தில் சிமெண்டு பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்தது. மேலே சமதரையில் வண்டியை நிறுத்தி ஆயத்தம் செய்தார்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் போய் இரண்டு பெல்ட்டையும் அவிழ்த்துச் சுருட்டினார்கள். நங்கூரமும் பேட்டரியும் கேனும் படகுக்குத் திரும்பின. எல்லாவற்றையும் எப்போதும் இரண்டு தடவை பார்க்கிற மில்லி அன்றைக்குப் பார்க்காமல் போனதற்கு ஒரே காரணம், அவன் சீட்டைவிட்டு இறங்கவேயில்லை என்பதுதான். பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு, சரிவைப் பார்ப்பதும் எச்சில் விழுங்குவதுமாக இருந்தான்.

டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது ஒரு வித்தை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். அதைக் காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகியிருந்தான். ஆனால் மைதானத்தில் மச்சான் இல்லை. இங்கே அவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சரிவின் அடியில் தண்ணீரோரம் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார்.

"ரைட்ல விடுங்க மாப்ளே! ரைட்ல!"

படகு இடது பக்கம் போனது.

"ரைட்டுன்னேன்!"

இன்னும் இடது பக்கம் போய், கல்சுவரை முத்தமிடப் பார்த்தது. மில்லி முன்னால் ஏற்றி, மறுபடி பின்னால் விட்டான். "லெஃப்ட்டு!" என்று கத்தினார் மச்சான். இந்த முறை படகு மேடையை இடிக்கப் போனது. மறுபடி மேலே, மறுபடி கீழே. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு படகோடு ஒரு பிக்கப் வந்து நின்றது. மழையே இல்லாத நாளில் மஞ்சள் ரெயின்கோட் போட்டிருந்த ஒரு அம்மா அதிலிருந்து இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"தம்பி, படகை இறக்கப் போறியா, இல்ல சரிவைப் பெருக்கப் போறியா?"

மில்லிக்குக் காது சூடானது. பழகியதெல்லாம் எங்கே போயிற்று? நமக்கு வராத வேலையில் ஏன் இறங்கினோம்? யாராவது டிரைவரைக் கூப்பிட்டிருக்கலாமே?

அவன் மனைவி ஜன்னலோரம் வந்தாள். கொஞ்ச நேரம் அவன் கையையும் கண்ணாடியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க, அண்ணன் ரைட்டுன்னு சொன்னா நீங்க படகை எந்தப் பக்கம் அனுப்புறீங்க?"

"லெஃப்ட்டுக்கு. அவர் எனக்கு எதிர்ல நிக்கிறாருல்ல? அவர் ரைட்டு எனக்கு லெஃப்ட்டு."

"அவர் எங்கங்க எதிர்ல நிக்கிறாரு? உங்களுக்குப் பின்னால நிக்கிறாரு. நீங்க கண்ணாடியில மூஞ்சியைப் பாக்குறீங்க."

மில்லி கண்ணாடியைப் பார்த்தான். அதில் மச்சானின் முகம். கடையில் நாள் முழுக்க அவனுக்கு எதிரே ஒரு முகம் இருக்கும். எதிரே இருப்பவரின் வலது கண் அவனுக்கு இடது பக்கம். டாக்டர் சீட்டில் வலது என்று எழுதியிருந்தால் அவன் கை கேட்காமலே இடப்பக்கம் போகும். அப்படிப் பத்து வருஷம் பழகிய புத்தி, கண்ணாடியில் ஒரு முகத்தைப் பார்த்ததும் கடை திறந்துவிட்டது. மச்சானோ வண்டி பார்க்கும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலதுதான் வண்டியின் வலதும்.

"இனிமே ரைட்டும் வேண்டாம், லெஃப்ட்டும் வேண்டாம். அண்ணா! சுவர்ப் பக்கம், மேடைப் பக்கம்னு மட்டும் சொல்லு!"

"அட, எப்படிச் சொன்னா என்ன? சுவர்ப் பக்கம் கொஞ்சம்! ஆங்... மேடைப் பக்கம்... நேரா, நேரா, அப்படியே வாங்க மாப்ளே!"

வந்தது. நூல் பிடித்ததுபோல வந்தது. டிரெய்லரின் சக்கரங்கள் தண்ணீரில் இறங்கின. படகின் அடிப்பாகம் நனைந்தது. ரெயின்கோட் அம்மா மெதுவாக ஒரு கைதட்டல் தட்டினார். மில்லி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். மச்சான் பின்சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக மரக்கட்டைகளைச் செருகிவிட்டு, முன்பக்கச் சங்கிலியைக் கழற்றினார். அவன் மனைவி படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளு!"

அண்ணனும் தங்கையும் தள்ளினார்கள். படகு மிதந்து மேலெழும்பியது, ஆனால் நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும் மாப்ளே! ஒரு முழம் விடுங்க!"

மரக்கட்டைகளை எடுத்தார்கள். மில்லி ஒரு முழம் விட்டான். பின்பம்பரைத் தண்ணீர் தொட்டது. புகைக்குழாய் குமிழி விட்டது. மறுபடி ஹேண்ட் பிரேக், மறுபடி மரக்கட்டை, மறுபடி தள்ளு. படகு நன்றாகவே மிதந்தது. ஆனால் யாரோ அடியில் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் விலக மறுத்தது.

"இது என்ன, பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி இல்ல இருக்கு, போகவே மாட்டேங்குதே!" என்று மூச்சுவாங்கினார் மச்சான்.

துறை மேலாளர் ஒரு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையில் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு அடிச்சா நான் சாப்பிடப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அந்தச் சமயத்தில்தான் மில்லியின் இடுப்புக்குக் கீழே ஏதோ மாறியது. ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தது. ஆனாலும் வண்டி, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, பின்னோக்கி மெல்ல நழுவியது. கண்ணாடியில் ஒரு மரக்கட்டை மிதந்து போவது தெரிந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

அவன் வலது கால் பிரேக்கின்மீது பாய்ந்தது. வண்டி நின்றது.

கையேட்டின் ஒரு பக்கம் கண்முன் வந்து நின்றது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கால் பிரேக் நாலையும் பிடிக்கும். அப்படியென்றால் பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடி இல்லை. ஏன் இல்லை? எதுவோ வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. எது? டிரெய்லர். டிரெய்லர் ஏன் எழும்புகிறது? படகு மிதக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்குகிறது. படகு ஏன் டிரெய்லரைத் தூக்க வேண்டும்? இரண்டையும் சேர்த்து யாரோ கட்டி...

மில்லி தலையை வெளியே நீட்டினான்.

"நிறுத்துங்க! தள்ளாதீங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினான். "கட்டியிருக்கு! அடியில இன்னொரு பெல்ட் இருக்கு!"

"எவன் கட்டினான்?" என்றார் மச்சான்.

"நான்தான்!"

ஏரி முழுக்க அது கேட்டிருக்கும். மேலாளர் குடையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். மச்சான் வாயைத் திறந்தார், தங்கை அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"வண்டியை மேல ஏத்துங்க, அவுத்துட்டு வரலாம்" என்றாள் அவள்.

மில்லி கியரைப் போட்டு மெல்ல ஆக்சிலரேட்டரைத் தொட்டான். முன்சக்கரங்கள் ஈரச் சிமெண்டில் கிரீச்சிட்டுச் சுழன்றன; வண்டி ஏறுவதற்குப் பதில் ஒரு சாண் கீழே போனது. மறுபடி பிரேக்கை மிதித்தான். இப்போது தண்ணீர் பின்கதவின் விளிம்பில் இருந்தது.

"ஏறாது. காலை எடுத்தா இறங்கிடும். நான் எங்கேயும் நகர முடியாது." என்றான் மில்லி.

"நகர வேண்டாம். மிதிச்சபடியே இருங்க. பெல்ட் எங்க இருக்கு, சொல்லுங்க."

"பின்னால. மேடைப் பக்கத்து வளையம். அங்கேயிருந்து நேர்கீழ குறுக்குக் கம்பிக்கு. கொக்கி இல்ல. முடிச்சுதான் போட்டேன். ரெண்டு முடிச்சு."

"ரெண்டா?"

"மூணு."

அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "என் பையில கத்திரி இருக்கு. எடுங்க."

பக்கத்து சீட்டில் பை இருந்தது. காலை அசைக்காமல் உடம்பை மட்டும் சாய்த்து, ஒரு கையால் துழாவினான். பஞ்சு, ஒட்டு பிளாஸ்திரி, தெர்மாமீட்டர், மகளின் ஒற்றைச் சாக்ஸ், கடைசியில் அந்த மழுங்கல் மூக்குக் கத்திரி. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களின் துணியை வெட்ட ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது. ஜன்னல் வழியே நீட்டினான். வாங்கும்போது அவள் விரல் அவன் விரலை ஒரு நொடி அழுத்தியது.

"ஓரமா நின்னு வெட்டு. படகுக்கு நேர்பின்னால போகாதே" என்றான். "நான் மிதிச்சிட்டுதான் இருக்கேன். விடமாட்டேன்."

"தெரியும்" என்றாள்.

மேடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மச்சான் மறுபக்கம் நின்று படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். கண்ணாடியில் அவளுடைய முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். எட்டவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினாள்.

கண்ணாடியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

மில்லியின் கால் நடுங்க ஆரம்பித்தது. தொடையிலிருந்து குதிகால்வரை தையல் மெஷின் ஓடுவதுபோல ஓடியது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்தினான். இந்தக் கால் இப்போது வழுக்கினால்? வண்டியோடு டிரெய்லர், டிரெய்லரோடு படகு, எல்லாம் சேர்ந்து அவள் பக்கம்... அதற்குமேல் நினைக்கக் கூடாது. பிரேக்கை மட்டும் நினைக்க வேண்டும். பிரேக், பிரேக், பிரேக். வேறு எந்தச் சந்தேகத்துக்கும் அவன் தலையில் அப்போது இடமில்லை.

அவள் தலை வெளியே வந்தது. வாயிலிருந்து தண்ணீரைத் துப்பினாள். "பாதி வெட்டிட்டேன். நல்ல பெல்ட்டுதான்!" மறுபடி முங்கினாள்.

டப் என்று ஒரு சத்தம் வண்டியின் முதுகெலும்பு வழியாக அவன் முதுகெலும்புக்கு வந்தது. படகு துள்ளி விலகியது. டிரெய்லர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. அதோடு வண்டியின் பின்பக்கமும் கனத்து, கனத்து, நன்றாகத் தரையில் அமர்ந்தது. கண்ணாடியில் முதலில் ஒரு கத்திரி, பிறகு அதைப் பிடித்திருந்த கை, பிறகு நெற்றியில் தலைமுடி ஒட்டிய அவள் முகம். படகு அவளுக்கு அப்பால், யாரோடும் ஒட்டாமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, "மிதக்குது! ஏய், மிதக்குது!" என்று தானே செய்ததுபோலக் கூவினார்.

மில்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது ஹேண்ட் பிரேக் பிடித்தது. காலை மெல்ல எடுத்துப் பார்த்தான். பிடித்தது. மறுபடி மிதித்து, மறுபடி எடுத்தான். அப்போதும் பிடித்தது. கதவைத் திறந்து இறங்கினான்.

"தம்பி, இன்னும் மலை ஏறணும்" என்று நினைவூட்டினார் ரெயின்கோட் அம்மா. "பாசியில சக்கரம் சுத்துது. அடியில எதாவது போடு. உன் வண்டியில மிதியடி இல்லையா?"

இருந்தது. வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை கழற்றாத மிதியடிகள். மில்லி உறைகளைப் பரபரவென்று கிழித்து எறிந்தான். முன்சக்கரங்களுக்கு முன்னால், சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி இரண்டையும் விரித்தான். படகு போய்விட்டதால் டிரெய்லர் இப்போது பாதிகூடக் கனமில்லை. ரெயின்கோட் அம்மா கோட்டைக் கழற்றாமலே வந்து பின்னால் கைகொடுத்தார். வண்டி மிதியடிகளைக் கசக்கிப் பின்னால் துப்பிவிட்டு, ஒரு உறுமலோடு மேலே ஏறிச் சமதரையில் போய் நின்றது. மிதியடிகள் இரண்டும் கூழாகிக் கிடந்தன. அவன் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடிப் போய் மேடையில் ஏறியபோது மேலாளர் குனிந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைஃப் ஜாக்கெட்?" காட்டினார்கள். "தீயணைக்கிற சிலிண்டர்?" அதையும் காட்டினார்கள். "தண்ணி உள்ள வருதா?" அவன் மனைவி படகில் மண்டியிட்டு அடியைத் தடவிக் காட்டினாள். காய்ந்திருந்தது. அவள்தான் சொட்டிக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று ஷெட்டில் அது எத்தனை தடவை மக்கர் பண்ணியது என்பது மூவருக்கும் தெரியும். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு இருமல் இருமியது. செத்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தார். அவள் மறுபடி திருப்பினாள். இந்தத் தடவை எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு, படபடவென்று பிடித்துக்கொண்டது. படகின் பின்னால் தண்ணீர் வெள்ளையாகச் சுழன்றது.

மேலாளர் தலையை ஆட்டினார். "மேடைக்கு அந்தப் பக்கம், கடைசித் தூண். நம்பர் பலகை திங்கட்கிழமை வரும்." குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பினார். "சார், அந்தக் கடைசித் தூண்ல ஒரு கயிறு போதும். மூணு வேண்டாம்."

மச்சான் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அணை உடைந்ததுபோல வந்தது. மேடைப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்ளே, பெல்ட் எதுக்கு, படகுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாமே! சாவியை என் தங்கச்சி கழுத்துல மாட்டியிருக்கலாமே!"

"போட்டிருப்பேன் மச்சான், ஷெட்டுல பூட்டு இல்ல" என்றான் மில்லி. சொன்ன பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி படகிலிருந்து கையை நீட்டினாள். "என் போனைக் குடுங்க."

ஈரக்கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தாள். சட்டை கையைவிட ஈரமாக இருந்தது. மில்லியே நம்பரைத் தேடிப் பிடித்து அவள் காதோரம் வைத்தான்.

"மேடம், நான்தான் பேசுறேன்... ஆமா மேடம், அந்தக் குவார்ட்டர்ஸ் விஷயமாத்தான். எனக்கு வேண்டாம் மேடம். வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்ல இல்ல, யோசிச்சுட்டேன்... வந்துபோகப் படகு இருக்கு. இப்ப அதுலதான் நிக்கிறேன்... அந்தச் சத்தம்தான்... ஆமா மேடம், நானே ஓட்டுவேன். திங்கட்கிழமை காலையில டியூட்டிக்கு வந்துடுறேன், சாயங்காலம் வீட்டுக்கு." நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டாள். "சரி மேடம். வச்சிடுறேன்."

போனை அவன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சுடு. அந்த பெல்ட்..." என்று ஆரம்பித்தான்.

"படகு வழியில விழுந்திருந்தா உங்க பெல்ட்டுதான் பிடிச்சிருக்கும். விழல. அவ்வளவுதான்." தலைமுடியை முறுக்கிப் பிழிந்தாள். "ஆனா அடுத்த தடவை எதைக் கட்டினாலும் வாய் திறந்து சொல்லிடுங்க. கத்திரி எப்பவும் கையில இருக்காது."

"சொல்றேன்."

"அண்ணா, ஏறு. ஒரு நடை நடுஏரி வரைக்கும் போய்ப் பாத்துட்டு, அப்படியே கடைசித் தூணுக்குக் கொண்டுவந்துடலாம்."

மச்சான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். அது அவருடைய தொப்பையைச் சுற்றி மூடவில்லை என்று அவள் திட்டுவதும், அது ஜாக்கெட்டின் குற்றம் என்று அவர் சொல்வதும் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டன. படகு மேடையை விட்டு விலகியது. மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பின்னால் ஒரு வெள்ளை நுரைத் தடத்தை இழுத்துக்கொண்டு போனது. ரெயின்கோட் அம்மா தன் படகை ஒரே மூச்சில், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார். மில்லி மேடையின் ஓரமாகவே நடந்து கடைசித் தூணுக்கு வந்தான். வெயில் மேலே ஏறியிருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாகத் தோள்கள் தாமாகக் கீழே இறங்கியதை உணர்ந்தான்.

படகு தூரத்தில் உள்ளங்கையளவு ஆனது. பிறகு விரல் நகமளவு. இடித்த பாலத்தின் தூண்கள் வரிசையாக நின்ற இடத்தைத் தாண்டப்போவதுபோல இருந்தது. அங்கே அது வேகம் குறைந்து, பெரிதாக ஒரு வட்டம் போட்டு, இந்தப் பக்கம் திரும்பியது.

கரையை நோக்கி வந்தது. மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. வந்துசேர இன்னும் வெகுநேரம் ஆகும். மில்லி அதற்குள் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் எறியப்போகும் கயிற்றைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.